அறளை என்னும் பழி

சென்ற மாதம் எங்கள் ஊர் வாசிகசாலையில் நிகழ்ந்த இலக்கியக் கூட்டத்திலே, எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரைக் கண்டேன். இளைப்பாறி இருபது ஆண்டுகள் கடந்தவர். கம்பனைப்பற்றிய வினாவொன்றுக்கு அவர் கந்தபுராணத்திலிருந்து விடையிறுத்தார். பின்வரிசையில் இருந்தோர் நகைத்தனர். “வாத்தியாருக்கு அறளை பெயர்ந்துவிட்டது” என்றார் ஒருவர். நானும் வாளாவிருந்தேன்.

மறுநாள் அவர் இல்லம் சென்றேன். “தம்பி, கொஞ்சம் பக்கத்திலை வாரும்” என்றார். அருகிருந்து உரையாடியபோதே உண்மை புலனாயிற்று. தளர்ந்தது நினைவன்று, செவியே. பள்ளியில் நான் விட்ட சந்திப்பிழையைக்கூட அவர் மறந்தாரல்லர். முதல்நாள் நான் காத்த மௌனத்தை எண்ணி நாணினேன்.

இஃது ஒருவர் கதை மாத்திரமன்று. ‘லான்செற்’ மருத்துவ ஏட்டின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதிநோய்க்கு ஏதுவாகும் காரணிகளுள் மாற்றத்தக்கவை 14 எனக் கணக்கிட்டது. இவை அனைத்தையும் நீக்குதல் கூடுமாயின், அந்நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ பிற்போடவோ இயலும் என்பது அதன் மதிப்பீடு. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல், உடலுழைப்பின்மை என்பவற்றோடு செவிப்புலன் குறைவும் சமூகத் தொடர்பின்மையும் அப்பட்டியலில் உள. செவி மங்கியவர் கூட்டத்தை விட்டு ஒதுங்குவர். நமது நகைப்போ அவர்களை மேலும் ஒதுக்குகின்றது. ஒரு குறையோடு வந்தவரை இரு குறையோடு அனுப்பிவைக்கின்றோம்!

பின்லாந்திலே 60 முதல் 77 வயதுவரையான 1,260 பேரிடம் ஈராண்டுகள் நடத்திய ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, குருதியமுக்கம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகியவற்றை ஒருசேர மேற்கொண்டோர், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரினும் சிந்தனைத் திறனில் மிகுதியாக முன்னேறினர். வேறுபாடு பெரிதன்று, ஆயினும் அறுபதுக்கு மேலும் மூளை பயிற்சிக்கு இணங்கும் என்பதற்கு அது சான்றாயிற்று. உடலைப் பேணுதலும் உள்ளத்தைப் பேணுதலும் இருவேறு பணிகளல்ல.

இவ்வாறெல்லாம் ஒழுகியும் மறதிநோய்க்கு ஆளாவோர் உளர். அது அவர்தம் குற்றமன்று, நகைத்தற்குரியதுமன்று.

இலக்கிய வட்டங்களை நடத்தும் நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். முதியோரை முன்வரிசையில் இருத்துங்கள். வினாவை அவர் முகம் நோக்கித் தெளிவாகக் கேளுங்கள். மாணவர்காள், மாலையில் உங்கள் ஆசிரியரோடு சிறிது தூரம் நடவுங்கள். நடையும் உரையாடலும் இருவர்க்கும் நலம் தரும்.

என் ஆசிரியர் செவியைப் பரிசோதிக்க இசைந்துள்ளார். அடுத்த கூட்டத்தில் அவர் பக்கத்தில் நான் இருப்பேன்.