சொல் தருபவரும் நிரல் தருபவரும்

தமிழ் படித்தோருக்குக் கைப்பேசி விளையாட்டில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. சொற்பட்டியல் ஒன்றைத் தட்டெழுதிக் கொடுத்தால் போதும், மற்றதை நிரலாளர் பார்த்துக்கொள்வார் என்பது பொதுவான எண்ணம். முன்னாள் மாணவரான நிரலாளர் ஒருவருடன் இணைந்து தமிழ்ச் சொல்விளையாட்டொன்றை ஆக்கி வெளியிட்ட பட்டறிவால் சொல்கிறோம்: அந்த எண்ணம் விளையாட்டையும் கெடுக்கும், தமிழையும் கெடுக்கும்.

முதல் வாரத்திலேயே அவர் கேட்டார்: "ஐயா, 'அம்மா'வில் எத்தனை எழுத்து?" மூன்று என்றோம். "கணினி ஐந்து என்கிறதே!" என்றார். ஒருங்குறியில் 'ம்' என்பது மகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். 'மா' என்பது மகரமும் காலுமாக இரண்டு. அகரத்தையும் கூட்டினால் ஐந்து. பைத்தான், ஜாவா போன்ற நிரல்மொழிகள் இக்குறிகளையே எண்ணுகின்றன. ஸ்விஃப்ட் போன்ற சில, மூன்று என்று சரியாகச் சொல்கின்றன. 'கொ' என்பதையோ ஒரே உயிர்க்குறி இட்டும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு வெவ்வேறு. முன்கூட்டியே ஒருசீராக்கி வைக்காவிட்டால் சரியான விடை இட்டவருக்கும் 'தவறு' என்றே வரும்.

அடுத்து விசைப்பலகை. 247 எழுத்துகளைச் சிறு திரையில் அடுக்க இயலாது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகள் போதும் என்று முடிவு செய்யலாம். ஆனால் விடை 'மா' என்றிருக்க, ஆடுபவர் 'மீ' என்று இட்டால் அது முழுத் தவறா, பாதி சரியா? உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்வதா, இரண்டின் சேர்க்கையாகக் கொள்வதா என்ற இலக்கணக் கேள்வி இது. நிரலாளரைத் தனியே விட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது.

சொல் தேர்வும் அத்தகையதே. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் சொற்களையெல்லாம் விடைகளாக வைத்தால் புலவர்கள்கூட ஓடிவிடுவார்கள். 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' எனத் திரிபுகளையெல்லாம் ஏற்றால் பட்டியலுக்கு முடிவே இராது. விடையாக வரத்தக்க சொற்களுக்கு ஒரு பட்டியலும், ஆடுபவர் இடும்போது ஏற்கத்தக்க சொற்களுக்கு இன்னொரு பெரிய பட்டியலும் வேண்டும்.

ஆங்கில 'வேர்டில்' விளையாட்டின் கதை இங்கே பொருந்தும். நிரலை எழுதியவர் ஜோஷ் வார்டில். ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்களில் இருந்து, பலரும் அறிந்த ஏறத்தாழ 2,500 சொற்களைப் பிரித்துத் தந்தவர் அவருடைய துணைவி பாலக் ஷா. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கியது. அந்நிரலைப் போலச் செய்தவர்கள் பலர். விடை எதுவானாலும் நாம் அறிந்த சொல்லாகவே இருக்கும் என்ற நம்பிக்கையை ஆடுபவருக்குத் தந்தது அந்தத் தேர்வுதான்.

இதனால் நிரலாளர் பங்கு சிறிதென்று ஆகிவிடாது. நூல் அச்சேறியதும் எழுதியவர் வேலை முடிந்துவிடும். செயலி அப்படியன்று, இயங்குதளம் மாறுந்தோறும் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் புதிய கைப்பேசிகளில் அது கிடைக்காமலே போகும். அந்தச் சுமை ஆண்டுதோறும் அவர் தலையில்தான் விழுகிறது. வெளியீட்டுக் கணக்குக்கு கூகுள் ஒருமுறை 25 டாலரும், ஆப்பிள் ஆண்டுக்கு 99 டாலரும் கேட்கின்றன. கூகுளில் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குவோர், 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். கணக்கு யார் பெயரில் உள்ளதோ, உலகின் கண்ணுக்கு வெளியீட்டாளர் அவரே.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்றே வகுத்துள்ளது. தொகுப்புகளும் தரவுத்தளங்களும் அவ்வகையில் அடங்கும். ஆனால் ஒருவர் பங்கை மற்றவர் பங்கில் இருந்து பிரித்தறிய முடியாதபோதுதான் சட்டம் அதைக் கூட்டுப்படைப்பு என்கிறது. சொற்பட்டியல் ஒருவருடையது, நிரல் ஒருவருடையது என்று பிரிந்து கிடக்கும் விளையாட்டில் அந்தப் பாதுகாப்பை நம்பி இருக்க முடியாது. ஆகவே கணக்கு யார் பெயரில், வருவாயில் யாருக்கு எவ்வளவு, புதுப்பிப்பது யார், ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்ற நான்கையும் முதல் வரி நிரலுக்கு முன்பே தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆசிரியர், மாணவர் என்ற உறவு இருக்கும் இடத்தில் இது இன்னும் தேவை. அங்கே இளையவர் வாய் திறந்து கேட்கமாட்டார்.

தமிழ்த் துறையினரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அகலாதீர்கள். முதல் நாளே நிரலாளர் அருகில் அமருங்கள். எழுத்து எது, சொல் எது என்று நாம் வரையறுக்காவிட்டால் கணினி தன் போக்கில் வரையறுத்துவிடும். நம் பிள்ளைகள் அதைத் திரையில் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.