நான்கு மில்லிமீட்டர் போதாதா?

பிரான்ஸின் அல்பீன் நிறுவனம் 2017-இல் ஏ110 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. எடை சுமார் 1,100 கிலோ. இரண்டு ஆண்டுகள் கழித்து, இன்னும் விறைப்பாக ஓடும் வண்டி கேட்டவர்களுக்காக ஏ110எஸ் வந்தது. அதில் ஸ்பிரிங்குகளின் கடினத்தை 50 சதவீதம் கூட்டினார்கள். வளைவில் உடல் சாய்வதைத் தடுக்கும் ஆன்டி-ரோல் பாரின் கடினத்தை இரண்டு மடங்காக்கினார்கள். உயரத்தைக் குறைத்தது வெறும் 4 மில்லிமீட்டர். அதே வகையைச் சேர்ந்த, இன்னும் எளிய காரான மாஸ்டா எம்எக்ஸ்-5க்குக் கடைகளில் விற்கும் 'லோயரிங் ஸ்பிரிங்' பெட்டிகளிலோ 25, 30 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. பரிசோதனைக்கூடமும் ஓட்டுநர்களும் பணமும் இருந்த ஒரு தொழிற்சாலை 4 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொண்டது என்றால், 30 மில்லிமீட்டர் இறக்கத் துணிபவர் அதற்கு நல்ல காரணம் சொல்லியாக வேண்டும்.

சொல்லப்படும் முதல் காரணம் எடைமையம். வண்டி தாழ்ந்தால் எடைமையம் தாழும், வளைவில் வெளிச்சக்கரங்களுக்கு மாறும் பாரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு குறையும்? எடைமையம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 2.5 சென்டிமீட்டர் இறக்கினால் மாறும் பாரம் ஐந்தரை சதவீதம் குறையும். லாபம் அவ்வளவுதான். நஷ்டக் கணக்கு இதைவிட நீளம். வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதற்கு ரோல் சென்டர் என்று பெயர். வண்டியை இறக்கும்போது சக்கரத்தைப் பிடித்திருக்கும் விஷ்போன்களின் சாய்வு மாறுகிறது. அதனால் ரோல் சென்டர் பெரும்பாலும் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூட, வண்டியைச் சாய்க்கும் நெம்புகோலும் நீள்கிறது. சாய்வைக் குறைக்க இறக்கிய வண்டி, ஸ்பிரிங்கை அதற்கேற்ப இறுக்காவிட்டால், முன்னைவிட அதிகமாகவே சாய முற்படும். ஸ்டீயரிங் கம்பியின் கோணமும் கெட்டு, மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகச் சற்றே திரும்பத் தொடங்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய இழப்பு, சக்கரம் மேலெழும்பக் கிடைக்கும் இடம். ஒரு சக்கரம் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் தடுப்பில் முட்டுவதற்குமுன் 7 சென்டிமீட்டர் எழும்பலாம் என்று வைத்துக்கொள்வோம். 3 சென்டிமீட்டர் இறக்கினால் மிஞ்சுவது 4. ஒரு குழியின் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் திறன், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே அடியை 4 சென்டிமீட்டருக்குள் வாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் ஏறத்தாழ மூன்று மடங்கு கடினமாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் சாதாரண லோயரிங் ஸ்பிரிங் எதுவும் அவ்வளவு கடினமாக வருவதில்லை. வந்தாலும், பழைய ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாது. ஆகவே தடுப்பில் முட்டுவது வழக்கமாகிவிடுகிறது. அந்தக் கணத்தில் ஸ்பிரிங்கின் கடினம் திடீரென்று எகிறும், டயரின் பிடிமானம் அறுந்துபோகும். வளைவின் நடுவில், மேடுபள்ளமான சாலையில் இது நடந்தால் வண்டி பக்கவாட்டில் துள்ளும். இந்த விறைப்பையே 'ரேஸ் கார் போல இருக்கிறது' என்று மெச்சுகிறவர்கள் உண்டு. ரப்பரை மெச்சுகிறார்கள், பாவம்.

ரேஸ் கார்கள் தரையோடு தரையாகத்தானே ஓடுகின்றன என்று கேட்கலாம். அவை ஓடுவது வழவழப்பான தளத்தில். தாழ்த்திய உயரத்துக்கு ஏற்ப அவற்றின் மூட்டுகளையும் இடம் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். சாலைக்கான சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் மரபு வேறு. 1962-இல் வந்த லோட்டஸ் எலான் மென்மையான ஸ்பிரிங்குகளில், சக்கரம் தாராளமாக ஏறி இறங்க இடம்விட்டு அமைந்த கார். வளைவில் நன்றாகவே சாயும். இன்றுவரை திருப்பத்தில் அதற்கு ஈடில்லை என்று சொல்கிற பொறியாளர்கள் உண்டு. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் எம்எக்ஸ்-5 அந்த எலானை மனத்தில் வைத்துப் பிறந்ததுதான். மாஸ்டா 2021 இறுதியில் ஜப்பானில் அறிவித்த 990 கிலோ எடையுள்ள 990எஸ் மாடலிலும், வளைவில் உடல் எழும்புவதை அடக்கக் கையாண்ட வழி உள்பக்கப் பின்சக்கரத்துக்கு லேசாகப் பிரேக் கொடுப்பது. எடையில் ஒரு கிராம்கூட ஏறவில்லை. சக்கரத்தின் இடமும் குறையவில்லை.

அழகுக்காக இறக்குகிறேன் என்பவரிடம் எனக்கு வாதம் இல்லை. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கைவிடும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் கண்ணை உறுத்தத்தான் செய்யும். கார் அவருடையது. அழகுக்கு விலையாக ஓட்டத்தைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி. உயரத்தைத் தனியாகத் திருத்தக்கூடிய, உடல் குட்டையான நல்ல காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பு) போட்டால் இழந்த இடத்தில் ஒரு பகுதியை மீட்கலாம் என்பதும் நியாயம்தான். ஆனால் அது மலிவான வேலையில்லை, கோணங்களை அதுவும் சரிசெய்யாது. நாட்டுக்கு நாடு சட்டமும் குறுக்கே நிற்கும். ஜப்பானில் தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் 9 சென்டிமீட்டராவது இல்லையென்றால் வாகன ஆய்வில் தேறாது.

கனமான ஆட்சேபம் ஒன்று மிச்சம் இருக்கிறது. தொழிற்சாலை வைத்த உயரம் எப்போதும் ஓட்டத்துக்காக வைத்ததுதானா? இல்லை, அதற்கு எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரே சாட்சி. இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான அந்தக் காரை, அமெரிக்காவின் பம்பர் உயர விதிக்காக 1974-இன் பிற்பகுதியில் ஏறக்குறைய ஓர் அங்குலம் தூக்கினார்கள். கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, வளைவில் வண்டி தள்ளாடத் தொடங்கியது. 1977 மாடலில் பின்பக்கமும் ஆன்டி-ரோல் பார் சேர்த்துத்தான் ஓரளவு சமாளித்தார்கள். அந்தக் காரை ஓர் அங்குலம் இறக்குபவர் அதைத் திருத்தவில்லை; பொறியாளர்கள் முதலில் வைத்த இடத்தில் திரும்ப வைக்கிறார். ஆக, முடிவெடுக்கும்முன் கேட்க வேண்டியது, இந்த உயரத்தை யார், எதற்காக வைத்தார்கள் என்பதைத்தான்.

ரப்பர் பம்பர் எம்ஜிபி வைத்திருப்பவர் தாராளமாக இறக்கலாம். எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர் அந்தப் பணத்தை நல்ல டயருக்கும், தேய்ந்த புஷ்களுக்கும், புதிய ஷாக் அப்சார்பருக்கும், ஒழுங்கான வீல் அலைன்மென்ட்டுக்கும் செலவிடட்டும். அதற்குப் பிறகும் இறக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், ஒரு சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.