மேடை அனுமதி எனும் தணிக்கை

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய அக்குழுவில் கானாவும் ராப்பும் ராக்கும் தோளோடு தோள் நின்றன. அதன் பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் எனும் சிந்தனையிலிருந்து பிறந்தது. இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் அங்கே பாடுபொருளாயின. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ அடுத்த ஆண்டே சென்னையைத் தாண்டி மதுரைக்கும் கோவைக்கும் பயணப்பட்டது.

இத்தகைய இசைப் பயணங்களை ரசனையின் வெற்றியாக மட்டும் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒவ்வோர் ஊரும் ஒரு புதிய விண்ணப்பம் என்பதை அமைப்பாளர்கள் மட்டுமே அறிவர். சென்னையில் 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம், மாவட்டங்களில் 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம், ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் என்று ஒரு பாட்டு மேடையேறுவதற்குள் பல மேசைகளைக் கடக்கவேண்டும். இவற்றில் எதுவும் பாடல் வரிகளைத் திருத்தும் அதிகாரத்தைக் காவல் ஆய்வாளருக்கு வழங்கவில்லை. ஆயினும் சாதி எதிர்ப்பு நிகழ்ச்சி என்றதும், “என்ன பாடப் போகிறீர்கள்?” என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. மார்கழிக் கச்சேரிக்குச் சபா ஏறும் வித்வானிடம் இக்கேள்வியை எவரும் கேட்டதாக நாம் அறியோம்.

நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரிகளிடம் ஒப்படைக்கச் சொன்ன 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. எழுத்தில் ஒழிந்த அந்த நடைமுறை வாய்மொழியில் உயிர்வாழ்கிறது.

மறுப்பதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: சட்டம் ஒழுங்கு. எவரோ எதிர்ப்பார்கள், ஆகவே நீங்கள் பாடக்கூடாது. இதற்கு உச்ச நீதிமன்றம் 1989லேயே விடை கூறிவிட்டது. எஸ்.ரங்கராஜன் எதிர் பி.ஜெகஜீவன் ராம் என்ற அவ்வழக்கில், ஆர்ப்பாட்டமும் வன்முறையும் நிகழும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையைப் பறிப்பது சட்டத்தின் ஆட்சியையே கைவிடுவதாகும் என்றும், பேசுகிறவரைப் பாதுகாப்பதே அரசின் கடமை என்றும் நீதிமன்றம் உரைத்தது. ஆபத்து என்பது தொலைதூர ஊகமாக இருத்தலாகாது, வெடிமருந்தில் விழும் பொறிபோல் உடனடியானதாக இருக்கவேண்டும் என்பதே அது வகுத்த அளவுகோல்.

அத்தீர்ப்பு காப்பாற்றியது எதை? ‘ஒரே ஒரு கிராமத்திலே’ எனும் தமிழ்த் திரைப்படத்தை. சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறைகூறிய படம் அது. பிறப்பால் பிராமணரான ஒரு பெண் ஆதிதிராவிடர் என்ற பெயரில் அரசு வேலை பெறுவதாகக் கதை. அதன் சான்றிதழை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மாற்றியது. நம் உரிமையைத் தாக்கிய படைப்புக்கு விரிக்கப்பட்ட அந்தக் குடை, ‘கோட்டா’ என்ற தலைப்பிலேயே இடஒதுக்கீட்டைப் பாடும் குழுவுக்கும் விரியவேண்டும். அப்படத்தின் கருத்து நமக்கு உடன்பாடில்லை. தீர்ப்பு முழுமையாக உடன்பாடே.

2024 நவம்பரில் இக்குழுவின் பாடகர் இசைவாணிக்கு நேர்ந்தது நினைவிருக்கும். ஐயப்பனை விளித்துப் பெண்களின் ஆலய நுழைவைப் பேசும் பாடலை அவர் பாடி ஆண்டுகள் பல கடந்தபின், அவரைக் கைது செய்யக் கோரிப் புகார்கள் குவிந்தன, மிரட்டல்களும் வந்தன. பாடல் அன்றும் குற்றமாக இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அடுத்த ஊரில் மண்டபம் தரவேண்டியவர் தயங்க இவ்வளவே போதும். சாதி இங்குத் தடையாணை எழுதுவதில்லை, தயக்கத்தை உண்டாக்குகிறது.

கல்லூரிகளில் இத்தகைய கலைஞர்களை அழைக்க விழையும் மாணவத் தோழர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வாய்மொழி மறுப்பை எதிர்த்து வாதிடுவது கடினம்; நிகழ்ச்சி நாள் கடந்துவிட்டால் ரிட் மனு பயனற்றதாகிவிடும். முதல் நாள் மாலை வரை பதில் தராமல் இழுத்தடிப்பதே இங்கு வழக்கமான உத்தி. ஆகவே குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலைத் தேதியோடும் முத்திரையோடும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் கையிலிருந்தால், அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுக அவகாசமும் ஆதாரமும் கிடைக்கும். மனுவின் முதல் பக்கத்தில் ரங்கராஜன் தீர்ப்பு இடம்பெறட்டும்.