மாசத்துக்கு நாலு வாளியா, கிழமைக்கு ஒரு வாளியா?



இப்ப எங்கட தீவுப் பக்கப் பாடசாலைகளிலும் வீடுகளிலும் மீன் தொட்டி வைக்கிறவர்கள் இருக்கினம். பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் நான் பார்த்த அளவில், மீன் சாகிறது தொட்டி அழுக்கான நாளில் இல்லை, கழுவின மறுநாள். யாராவது வருகினம் என்றால் முதல்நாள் முழுத் தண்ணியையும் ஊத்தி, கல்லையும் பில்ற்றர் பஞ்சையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பளிச்சென்று வைப்பார்கள். வந்தவர் போக முதல் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு "இந்த ஊர்த் தண்ணிக்கு மீன் நிக்காது சேர்" என்று ஒரு தீர்ப்பு.

ஊர்த் தண்ணியில் பிழை இல்லை. மீனின் கழிவிலும் மிஞ்சின சாப்பாட்டிலும் இருந்து அமோனியா வருகிறது. அது நஞ்சு. அதை முதலில் நைத்திரைற்றாகவும், பிறகு அவ்வளவு கெடுதியில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றுவது பில்ற்றர் பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கிற பக்ரீரியா. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் அதுகளைத்தான் கொல்லுகிறோம். இன்னொன்று, எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணி காரத்தன்மையானது, வெயிலும் சொல்லத் தேவையில்லை. காரமும் சூடும் கூடக் கூட அமோனியாவின் நஞ்சும் கூடும். அதனால் மலைநாட்டில் ஒருவர் செய்து தப்புகிற பிழையை இங்கே செய்து தப்புவது கஷ்டம்.

"பவுசருக்குக் காத்திருக்கிற ஊரில மீனுக்குக் கிழமைக்கொருக்கா தண்ணி மாத்துறதோ?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்குப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி நிறைய ஏறக்குறைய 56 லீற்றர் பிடிக்கும். மாசம் ஒருக்கால் முழுசாக மாற்றினால் 56 லீற்றர். கிழமைக்குக் கால்வாசி மாற்றினால் 14 லீற்றர், ஒரு பெரிய வாளி. நாலு கிழமைக்கும் அதே 56 தான்! ஒரு சொட்டும் கூடச் செலவில்லை, மீன் மட்டும் உயிரோடு இருக்கும். எடுக்கிற தண்ணியைத் தென்னையடியில் ஊத்துங்கோ.

பஞ்சை அந்த எடுத்த தண்ணியிலேயே மெதுவாகப் பிழிந்தால் போதும். குழாய்த் தண்ணியில் குளோரின் இருந்தால் வாய் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்து ஊத்துங்கோ. கடையில் வாங்குகிற ஆர்.ஓ. தண்ணியிலும் மழைநீரிலும் தாதுப்பு மிகக் குறைவு. தனியே ஊத்தாமல் கிணற்றுத் தண்ணியோடு கலவுங்கோ. கிணறு கொஞ்சம் உவரென்றால் அதற்கேற்ற மீனை வாங்குவதே புத்தி. கப்பியும் மொலியும் கடினத் தண்ணியில் நன்றாக நிற்கும், மொலி உவரையும் தாங்கும். நியோன் ரெற்றா போன்றவை மென்தண்ணி மீன்கள். அதை யாழ்ப்பாணம் ரவுணில் வாங்கி, குறிகட்டுவானில் படகேற்றிக் கொண்டுவந்து எங்கட கிணற்றுத் தண்ணிக்குள் விடுவது பாவம். "ராங்க் கிளீனர்" என்று விற்கிற மீன் தொட்டியைத் துப்புரவாக்கும் என்பதும் வியாபாரக் கதை. அதுவும் கழிவு போடும், பெரிசாய் வளரும். வளர்ந்தபின் குளத்தில் விடவே வேண்டாம், இலங்கைக் குளங்களுக்கு ஏற்கெனவே அது ஒரு தொல்லை.

விடுமுறைக்குக் காவலாளியிடம் சாப்பாட்டுப் பைக்கற்றை முழுசாகக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கத்தை நிற்பாட்டுவோம். நாலைந்து நாள் பட்டினியில் வளர்ந்த மீன் சாகாது, அள்ளிக் கொட்டின சாப்பாட்டில் சாகும். நீண்ட விடுமுறை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றுக்குப் பொறுப்புக் கொடுங்கோ. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் எங்கட பிள்ளைகளுக்குத் தெரியும். கண்ணாடிக்குள் அடைத்தால் அந்த உயிரும் அமானிதம்தான். வாளி தூக்க ஆள் போடேலாத பாடசாலை தொட்டி வைக்காமல் விடலாம், அதில் வெட்கமில்லை.

மின்வெட்டையும் மறக்காதையுங்கோ. 2022 இல் 13 மணித்தியாலம் கறன்ற் நின்ற நாளும் கண்டனாங்கள். அப்படி நீண்ட நேரம் நின்றால் பில்ற்றரை அலசாமல் திருப்பிப் போடவேண்டாம், உள்ளே தேங்கிக் கெட்ட தண்ணி தொட்டிக்குள் வரும்.

புதுத்தொட்டி தொடங்குகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கோ. என்னுடைய பழைய பஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தருவன், பக்ரீரியா அதோடு வந்துவிடும். காயவிடாமல் தொட்டித் தண்ணியோடே பையில் கொண்டு போகவேணும்.