ஒரு பானைச் சோறு சொல்லும் பாடம்



கைப்பேசியில் கொரிய நாட்டுத் தொடர்களைப் பார்த்துப் பழகிய நம் பெண்மக்கள், அத்தொடர்களில் வருவோர் உண்ணும் உணவையும் கேட்கத் தொடங்கிவிட்டனர். மகளின் விருப்பத்தைத் தட்டவும் மனமில்லை. இன்னதென்று தெரியாத பண்டத்தை வீட்டுக்குள் கொண்டுவரவும் மனமில்லை என்று தாய்மார்கள் தயங்குகின்றனர். அவர்கள் கேட்பவை இரண்டே கேள்விகள்: அந்தச் சோறு நமக்கு ஆகுமா? அதனை வீட்டில் சமைக்க இயலுமா? இரண்டுக்கும் இம்மாதம் விடை காண்போம்.

கொரிய மொழியில் சோற்றுக்குப் 'பாப்' என்று பெயர். உணவு என்னும் பொதுப்பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஒருவரை ஒருவர் கண்டவுடன் "சோறு உண்டாயிற்றா?" என்று வினவுவது நம்மைப் போலவே அவர்களுக்கும் நலம் விசாரிக்கும் முறையாகும். கனத்த மூடியுடைய இரும்புப் பானைக்கோ கற்சட்டிக்கோ 'ஸொத்' என்று பெயர். அரிசியோடு காய், கீரை, பயற்று முளை ஆகியவற்றை அப்பானையிலேயே இட்டு, வடிக்காமல் வேகவைத்து எடுப்பதே 'ஸொத்பாப்'. முள்ளங்கி சேர்த்தால் 'மூபாப்'. சோயா முளை சேர்த்தால் 'கொங்நமுல் பாப்'. வெந்த சோற்றின்மேல் சோயாக் குழம்பு, எள், பூண்டு கலந்த சாறு ஒன்றைச் சிறிதளவு ஊற்றிப் பிசைந்து உண்பர்.

இன்று உணவகங்களில் ஆளுக்கொரு கற்சட்டியாக அழகுறப் பரிமாறப்படும் இச்சோற்றின் பின்னே பசியின் வரலாறு இருக்கிறது. கொரியாவில் சென்ற அறுவடையின் நெல் தீர்ந்துபோய், வாற்கோதுமைக் கதிர் இன்னும் முற்றாமல் நிற்கும் இளவேனிற் காலத்துக்குப் 'பொரித்கோகே' என்று பெயரிட்டிருந்தனர். 'வாற்கோதுமை மேடு' என்பது அதன் பொருள். ஏறிக் கடக்க வேண்டிய மேடாகவே அந்த நாட்கள் அவர்களுக்குத் தோன்றின. கைப்பிடி அரிசியைக் கொண்டு குடும்பம் முழுவதும் பசியாற வேண்டுமாயின், பானையை நிரப்ப வேறு ஏதேனும் வேண்டுமன்றோ? முள்ளங்கி அதற்கு உதவியது, முளை உதவியது, மலைச்சரிவில் பறித்த கீரையும் உதவியது. காங்வொன் மாநிலத்து ஜொங்சொன் பகுதியில் 'கொந்துரே' என்னும் காட்டுக்கீரையைச் சோற்றோடு வேகவைத்து உண்டனர். வறியவரின் அந்த உணவைத்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் தேடிச்சென்று விலை கொடுத்து உண்கின்றனர்.

1950 முதல் 1953 வரை நடந்த போருக்குப் பின்னரும் தென்கொரியாவில் அரிசித் தட்டுப்பாடு நீடித்தது. 1969இல் வாரத்தில் இரு நாட்களை 'அரிசியில்லா நாட்கள்' என்று அரசு வகுத்தது. அந்நாட்களின் பகற்பொழுதில் உணவகங்கள் அரிசிச் சோறு விற்றல் கூடாது. பள்ளிகளில் ஆசிரியர்கள் பிள்ளைகளின் உணவுப் பெட்டியைத் திறந்து, சோற்றில் வாற்கோதுமை கலந்திருக்கிறதா என்று பார்த்த காலம் அது. பின்னர் 1970களில் 'தொங்இல்' என்னும் புதிய நெல் பரவியது. நம் தஞ்சை உழவர்களும் நன்கறிந்த ஐ.ஆர். 8 நெல்லின் வழிவந்த வகையே அது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு உருவாக்கப்பட்டது. 1977இல் அந்நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. 1970இல் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 136.4 கிலோவாக இருந்த அரிசி நுகர்வு, 2024இல் 55.8 கிலோவாகக் குறைந்துள்ளது.

இனிச் சமையலுக்கு வருவோம். பிரியாணிக்குத் 'தம்' போடத் தெரிந்த நம் சகோதரிகளுக்கு இது கடினமான கலையன்று. அடுப்பை அணைத்தபின் மூடியைத் திறக்காமல் சோற்றை அதன் ஆவியிலேயே அடங்கவிடுவதைக் கொரியர்கள் 'தும்' என்கின்றனர். நம் 'தம்' மூச்சு என்னும் பொருளுடைய பாரசீகச் சொல். அவர்களுடையது தனிச்சொல்லே. ஓசை ஒத்திருப்பது தற்செயலாயினும் செயல் ஒன்றுதான். பேச்சுக்கு இடையே ஒருவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் தாமதித்தாலும், "தும் போடுகிறார்" என்று கொரியர்கள் கூறுவதுண்டு!

நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் முள்ளங்கியைக் கொண்டே தொடங்கலாம். நால்வருக்கு இரண்டு குவளைப் பச்சரிசி போதும். கொரிய அரிசி குட்டையாய், வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையது. ஆகவே பாசுமதியும் புழுங்கலரிசியும் இதற்குப் பொருந்தா. குழையக்கூடிய புதுப் பச்சரிசியே ஏற்றது. அரிசியைக் கழுவி அரைமணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்க. 400 கிராம் வெள்ளை முள்ளங்கியைத் தீக்குச்சியைவிடச் சற்றுத் தடித்த துண்டுகளாக அரிந்துகொள்க. அடி கனத்த பானையில் அரிசியை இட்டு, அதன்மேல் முள்ளங்கியைப் பரப்பி, இரண்டரைக் குவளை நீர் ஊற்றுக. முள்ளங்கி தானும் நீர் விடுமாதலால் வழக்கமான அளவில் சற்றுக் குறைத்தே ஊற்ற வேண்டும். மூடியிட்டுப் பெருந்தீயில் கொதி வந்ததும் தீயைத் தணித்து, 15 நிமிடம் வைத்திருக்கவும். பின்னர் அடுப்பை அணைத்து, 10 நிமிடம் தம்மில் விடவும். இடையே மூடியைத் திறக்க வேண்டாம். முள்ளங்கிக்குப் பதில் சோயா முளை இடுவோர் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பாதி வேக்காட்டில் திறந்தால் முளையின் பச்சை வாடை சோறு முழுவதும் ஏறிவிடும்.

மேலே ஊற்றும் சாற்றுக்கு: சோயாக் குழம்பு நான்கு மேசைக்கரண்டி, நீர் இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு பிடி, நசுக்கிய பூண்டு இரண்டு பல், நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கொரியர்கள் வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெயையே சேர்ப்பர். நம் நல்லெண்ணெயில் அம்மணம் இராது. எனவே இரண்டு தேக்கரண்டி எள்ளை வறுத்து, நுணுக்கிக் கலந்துகொள்க. சாறு உப்புடையதாதலால் சோற்றில் உப்பிட வேண்டியதில்லை.

இங்கேதான் முதல் கேள்வியின் விடை இருக்கிறது. அரிசியிலும் முள்ளங்கியிலும் ஐயமில்லை. ஐயம் புட்டியில் இருக்கிறது. கொரியச் சமையலில் 'மத்சுல்' என்றும் 'மிரிம்' என்றும் பெயர் கொண்ட இனிப்பான திரவத்தைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. அது சமையல் மதுவாகும். அதனைச் சேர்க்காவிடினும் இச்சோற்றின் சுவை குன்றாது. கடையில் விற்கும் சோயாக் குழம்பிலும், 'கொச்சுஜாங்' என்னும் மிளகாய் விழுதிலும், கெடாமலிருக்கச் சாராயச் சத்தைத் தனியாகச் சேர்ப்பது உண்டு. கொரிய மொழியில் 'ஜுஜொங்' என்றும், ஆங்கிலத்தில் 'ஆல்கஹால்', 'எத்தனால்', 'ஸ்பிரிட்' என்றும் சேர்மானப் பட்டியலில் அது குறிக்கப்பட்டிருக்கும். உணவகங்களிலோ முளைச்சோற்றில் பன்றியிறைச்சித் துண்டுகளைச் சேர்ப்பதும் வழக்கமே. "கொதித்தால் மது ஆவியாகிவிடும்" என்று கூறுவோர் உளர். முழுவதும் போய்விடுவதில்லை என்பதே உண்மை. மேலும், நாம் சொன்ன சாறு அடுப்பேறுவதே இல்லையே! ஆகவே ஹலால் சான்று பெற்ற புட்டியை வாங்குவதே பாதுகாப்பானது. தானே நொதிக்கும் பொருளில் இயல்பாகத் தோன்றும் சிற்றளவு பற்றி ஐயம் எழுந்தால், உங்கள் ஊர் உலமாப் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக. தலைநகர் சியோலின் இதெவொன் பகுதியில் 1976இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலைச் சுற்றி இன்று ஹலால் இறைச்சிக் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. அந்நாட்டில் வாழும் முஸ்லிம்களே பட்டியலைப் படித்துத்தான் புட்டியை எடுக்கின்றனர் என்றால், ஆயிரம் காதத்துக்கு அப்பாலிருக்கும் நாம் படியாமல் எடுக்கலாமா?

இன்னும் ஒன்று உண்டு. சோற்றைப் பரிமாறிய பின் பானையின் அடியில் பொன்னிறமாகப் பிடித்திருக்கும் காந்தலை அவர்கள் சுரண்டி எறிவதில்லை. 'நுருங்ஜி' என்று அதற்குத் தனிப்பெயரே இட்டிருக்கின்றனர். பானையில் சோறு எடுத்த கையோடு வெந்நீர் ஊற்றி மூடிவிடுவர். உண்டு முடிப்பதற்குள் காந்தல் ஊறி, வறுத்த மணத்தோடு மெல்லிய கஞ்சியாகிவிடும். 'ஸுங்நியுங்' எனப்படும் அந்தக் கஞ்சியைப் பருகுவதே உணவின் நிறைவு. பானையும் அத்தோடு பாதி துலங்கிவிடும்.

ஒரு பிடி அரிசியைப் பலருக்காக்கும் வித்தையை நம் நோன்புக் கஞ்சியும் அறியும். உண்ட தட்டில் ஒரு பருக்கையும் மீதம் வையாதீர் என்பது நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கம். ஆயினும் நம் வலீமா விருந்துகள் முடிந்தபின் சஹன்களிலிருந்து குப்பைக்குப் போகும் பிரியாணியைக் கண்டு நெஞ்சு பதறாதோர் யார்? பொரித்கோகேயின் மேட்டை ஏறிக் கடந்தவர்களின் சமையலைப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கும்போது, அதன் கதையையும் சேர்த்தே ஊட்டுங்கள். புட்டியின் பட்டியலை மகளையே படிக்கச் சொல்லுங்கள். பானையில் வெந்நீர் ஊற்றும் பொறுப்பையும் அவளிடமே கொடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.