எலியை எங்கய்யா ஒளிச்சு வெச்சீங்க?

மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சாம்! மாசத்துக்கு ஒருத்தராவது இப்படி ஒரு இடுகை போட்டுடறீங்க. கீழ பின்னூட்டத்துல "பகிர்வுக்கு நன்றி தல". மூலக் கட்டுரையைத் தேடிப் படிச்சா, ஞாபகசக்தி திரும்பி வந்தது எலிக்கு. உங்க தலைப்புல மட்டும் எலியைக் காணோம்.

இது நம்ம ஆளுங்க வியாதி மட்டும் இல்லைங்க. அல்சைமர் பத்தின எலி ஆராய்ச்சிக் கட்டுரைகள் 623ஐ அலசி 2021ல ஒரு ஆய்வு வந்துச்சு. தலைப்புல எலியைச் சொல்லாத கட்டுரைகளைப் பத்தித்தான் பத்திரிகைகள் அதிகமா எழுதியிருக்காம். எழுதினவங்களும் எலியை முழுங்கிட்டாங்க.

எலியோட ஞாபகசக்தியை எப்படி அளக்கறாங்க? ரிச்சர்ட் மோரிஸ்னு ஒருத்தர் 1981ல எழுதின முறை ரொம்பப் பிரபலம். வட்டத் தொட்டி, கலங்கின தண்ணி, அடியில கண்ணுக்குத் தெரியாம ஒரு மேடை. எலி நீந்தி அதைக் கண்டுபிடிக்கணும். ரெண்டு வயசான கிழட்டு எலி சுத்திச் சுத்தி வரும். மருந்து குடுத்ததும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தா பாஸ். சரி, அல்சைமர்? அது எலிக்குத் தானா வர்றதே இல்லை. மனுஷ மரபணுவைச் செருகி வரவழைக்கறாங்க. அதாவது நாமளே போட்ட பக்கை நாமளே ஃபிக்ஸ் பண்றோம். டெஸ்ட் சர்வர்ல ஓடினது புரொடக்‌ஷன்ல படுத்துக்கறது நம்ம பொட்டி தட்டற கூட்டத்துக்குத் தெரியாததா? 2002லேர்ந்து 2012 வரைக்கும் அல்சைமருக்காக 244 மருந்துகளை மனுஷங்ககிட்ட சோதிச்சாங்க. அமெரிக்காவுல தேறினது ஒண்ணே ஒண்ணு, மெமண்டின். அதுவும் நோயைக் குணப்படுத்தாது.

நம்ம நாட்டுக் கதையும் இருக்கு. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்துல நீர்ப்பிரமிச் சாறு குடுத்த எலிங்க வேகமா கத்துக்குதுன்னு 1982ல கட்டுரை வந்துச்சு. 90கள்ல அது மெமரி பிளஸ் மாத்திரையாச்சு. விஸ்வநாதன் ஆனந்த் விளம்பரத்துல வந்தார், பரிட்சைக்குப் படிக்கற பசங்க வாயில எல்லாம் மாத்திரை. 2008ல அமெரிக்காவுல, டிமென்ஷியா இல்லாத 65 வயசுக்கு மேற்பட்ட 54 பேரை வெச்சு 12 வாரம் பார்த்தாங்க. வார்த்தைகளை நினைவுல வெச்சுச் சொல்றதுல கொஞ்சம் முன்னேற்றம். அவ்ளோதான்.

எலி ஆராய்ச்சியே வேணாம்னு சொல்லலை. அது முதல் படி, பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் மனுஷங்ககிட்ட வர்றாங்க. அந்தப் படியையே மொட்டை மாடின்னு சொல்லாதீங்கன்றேன்.

ஏன் இவ்ளோ கடுப்புன்னா, இங்க செவ்வாப்பேட்டைல எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் வீட்டுக்கு வழி தெரியாம நிக்க ஆரம்பிச்சார். பையன் பாசக்காரன்தான். வாட்ஸப்புல வந்த "ஆராய்ச்சியில் நிரூபணம்" பார்த்து ஆறு மாசம் ஆன்லைன்ல மாத்திரை வாங்கிப் போட்டான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலை. அப்புறம் ரத்தம் எடுத்துப் பார்த்தா வைட்டமின் பி12 தரைமட்டம். ஊசி போட்டதும் ஓரளவு தெளிஞ்சார். பி12, தைராய்டு ரெண்டும் குறைஞ்சாலே மறதி வரும், சரி பண்ணவும் முடியும். அந்த ஆறு மாசத்தை யார் திருப்பித் தர்றது? அந்த வாட்ஸப் மேட்டர் நம்மள்ல ஒருத்தர் பதிவுலேர்ந்து வரி மாறாம சுட்டது.

டிஸ்கி: வல்லாரை வேற, நீர்ப்பிரமி வேற. வடக்க ரெண்டையுமே பிராமின்னு சொல்றாங்க. அடுத்த இடுகையில அதையாவது பார்த்துப் போடுங்க சாமி.