என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டோம்

வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அத்தனை வருடமும் வகுப்பில் நான் சொல்லிக்கொண்டே இருந்த பேச்சு ஒன்று உண்டு. "உனக்கு இது ஏறாதுடா. பேசாம மிலிட்டரிக்குப் போயிடு." நான் மட்டுமல்ல, ஆசிரியர் அறையில் பாதிப் பேர் சொன்னோம். திட்டுவதற்கு வேறு வார்த்தை தீர்ந்துபோனால் அதைச் சொல்வோம். பையன்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்கள். அவர்களில் பலர் நிஜமாகவே போனார்கள். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய மண் என்று ஆண்டு விழா மேடையில் நாங்கள் பெருமை பேசியதும் அவர்களை வைத்துத்தான்.

பெருமைக்கு எங்கள் பக்கம் குறைவில்லை. கணியம்பாடி அருகே கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லும்படி பட்டாளத்துக்குப் போனதால் அதை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் விட்டார்கள் என்று அதில் இருக்கிறது. எண்ணிக்கை மட்டும்தான், பெயர் இல்லை. அந்தப் பஜாரில் நாற்பது வருடமாக மளிகை வாங்கியிருக்கிறேன். மாணவர்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் 1806 சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். திரும்பும் வழியில் அந்தக் கல்லுக்கு முன்னால் அவர்களை ஒரு நிமிடம் நிறுத்தியதில்லை. அந்த 277 பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டு வாருங்கள் என்று ஒரு வகுப்பையும் அனுப்பியதில்லை.

ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தால் பையன்கள் விடிகாலை நாலு மணிக்கு ரோட்டில் ஓடத் தொடங்குவார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண். கம்பியில் தொங்கிப் பத்து முறை உடம்பைத் தூக்கினால் 40. ஒன்பது அடிப் பள்ளத்தை ஒரே தாவில் தாண்ட வேண்டும். எங்கள் பள்ளி மைதானத்தில் அந்தக் கம்பி இல்லை. வேப்பமரக் கிளையில் தொங்கிப் பழகினார்கள். கிளை ஒடிந்துவிடும் என்று தலைமையாசிரியர் ஆளனுப்பி விரட்டினார். நாங்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுத்துத் தேர்வில் கணக்கு உண்டு. பத்தாம் வகுப்பில் நூறு வாங்கக்கூடிய பையன்களுக்கு நான் மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தேன். மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவர்களை ஒரு மாலையாவது கூப்பிட்டு உட்காரவைத்திருக்கலாம். அவர்கள் கடன் வாங்கிக் கோச்சிங் சென்டருக்குக் கட்டினார்கள்.

தேர்வானவர்களில் சிலர் குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்குப் போவார்கள். சிலர் பெங்களூரு அல்சூர் ஏரி பக்கம் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் சென்டருக்கு. சாப்பர்ஸ் ஆட்களுக்குப் பட்டாளத்தில் வழங்கும் செல்லப்பெயர் 'தம்பி'. ஊரும் பாஷையும் வேறான இடத்தில் அவர்களுக்குக் கிடைத்த அந்தச் சொல்லின் அன்புகூட எங்களிடமிருந்து அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பயிற்சியில் என்ன நடக்கிறது என்று நாங்கள் கேட்டதே இல்லை. ஒருவன், ஒன்பதாம் வகுப்பில் நான் இரண்டு முறை பெஞ்ச் மேல் ஏற்றியவன், முதல் லீவில் ஒரு டப்பா மைசூர்பாகோடு ஆசிரியர் அறைக்கு வந்தான். தலையை ஒட்ட வெட்டியிருந்தான். கழுத்துக்கு மேல் ஒரு நிறம், கீழே ஒரு நிறம். அவனாகவே பேசினான். "மொதல் ஒரு மாசம் உஸ்தாத் என்ன சொல்றாருன்னே புரியல சார். சாவ்தான், விஷ்ராம் எல்லாம் பக்கத்துல நிக்கிறவனப் பாத்துதான் செய்வேன். அரை செகண்டு லேட்டாயிடும். அதுக்கு ரக்டா குடுப்பாங்க." உஸ்தாத் என்றால் பயிற்சி தருபவர். சாவ்தான், விஷ்ராம் அவர் இந்தியில் போடும் கட்டளைகள். ரக்டா என்றால் தண்டனை, தரையில் உருளவும் தவழவும் வைப்பது. சொல்லிக்கொண்டே முழுக்கைச் சட்டையை மடித்தான். இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்து ஆறி, மறுபடி உரிந்து ஆறி, கறுத்துத் தடித்துப்போயிருந்தது. விரலால் லேசாகத் தட்டிக் காட்டினான். இப்போது வலிப்பதில்லை என்றான்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "கேண்டீன்ல பிரஷர் குக்கர் பாதி விலையாமே, ஒண்ணு எடுத்துட்டு வர முடியுமா?" என்று கேட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் குரலைத் தாழ்த்தி ரம் கேட்டார். அவன் சட்டைக் கையை இறக்கி பட்டன் போட்டுக்கொண்டு, "பாக்கறேன் சார்" என்றான்.

அந்த நிமிடத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அது என் ஒருவனுடைய குற்றம் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்துத் தெருக்களில் மிலிட்டரிக்காரர் வந்து இறங்கினால் எப்ப வந்தே, எப்ப போறே, என்ன கொண்டுவந்தே என்ற மூன்று கேள்விகள்தான். எங்கே இருக்கிறாய், அங்கே எவ்வளவு குளிர், சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அவசர லீவில் டிக்கெட் கிடைக்காமல் காட்பாடி வரை கருப்பு டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்து வந்தவனிடம், பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தப்பா, வழியில் இருக்கிறது என்று சொன்னவர்கள் நாங்கள். பெண் கேட்டு வந்தால், மிலிட்டரி மாப்பிள்ளையா, வேண்டாம் என்று திருப்பியனுப்பியவர்களும் நாங்களே.

2023இல் ஒரு அம்மா என் வீட்டுக்கு வந்தார். பீடி சுற்றுகிறவர். கணவர் இல்லை. மகன் அக்னிவீராகச் சேர்ந்து, பயிற்சி முடிந்து கசம் பரேடு நடந்திருந்தது. கொடியின் முன்னால் உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பு அது. அன்று பெற்றோருக்குக் கௌரவ் பதக்கம் என்று ஒன்றைக் குத்துவார்கள். அந்த அம்மா தனியாகப் பஸ் பிடித்துப் பெங்களூருக்குப் போய் வந்திருக்கிறார். அவர் தாண்டிய முதல் மாநில எல்லை அது. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். பஞ்சாயத்திலிருந்தோ பள்ளியிலிருந்தோ ஒருவர் துணைக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

முந்தானையில் முடிந்துவைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவை அவிழ்த்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவில் பதக்கம். புகையிலைக் கறை படிந்த விரலால் அதைத் தொடாமல், டப்பாவோடு என் பக்கம் நகர்த்தினார். "உங்ககிட்ட படிச்ச புள்ள சார். அத்தன பேரு முன்னால எனக்குக் குத்திவுட்டாங்க." நான் நல்லதும்மா என்றேன். அதற்குப் பிறகு, அவர் வந்த காரியத்தைக் கேட்டார். "நாலு வருஷத்துல அனுப்பிடுவாங்கன்னு சொல்றாங்களே, நெசமா சார்?"

அக்னிவீர் திட்டத்தை அறிவித்தது 2022 ஜூன் 14. ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் அதைப் படித்திருக்கவில்லை. அதை எதிர்த்துப் பீகாரில் ரயிலைக் கொளுத்தியதை டி.வி.யில் பார்த்து அது வடக்கே நடக்கும் விஷயம் என்று விட்டுவிட்டேன். கொரோனாவை ஒட்டி இரண்டு வருடம் தரைப்படைக்கு ஆள் எடுக்காததும், உடல்தகுதியும் மருத்துவச் சோதனையும் தேறி எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்தத் தேர்வே இல்லாமல் போனதும் பாதித்தது எங்கள் தெருப் பையன்களையும் சேர்த்துத்தான். "அதெல்லாம் கவர்மெண்டு பாத்துக்கும்மா" என்று சொல்லி அனுப்பினேன். அவர் டப்பாவை மறுபடி முடிந்துகொண்டு போனார்.

அன்று இரவுதான் ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன். முதல் வருடம் மாதச் சம்பளம் 30,000. அதில் 9,000 சேவா நிதிக்குப் பிடித்தம், கைக்கு 21,000. நாலாம் வருடம் 40,000, கைக்கு 28,000. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போட்டு, வட்டியோடு நாலு வருட முடிவில் சுமார் 11.71 லட்சம். பயிற்சிக் காலமும் அந்த நாலு வருடத்துக்குள் அடக்கம். நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற பெயரும் இல்லை. நிரந்தரச் சிப்பாய்க்கு அடிப்படைச் சம்பளம் 21,700, ராணுவப் பணி ஊதியம் 5,200, அதன்மேல் படிகள், பதினைந்து வருடம் முடித்தால் பென்ஷன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடக் கணக்கு. அகவிலைப்படி அரியர் எவ்வளவு வரும் என்று பள்ளி முழுவதற்கும் போட்டுக் கொடுத்தவன், இந்தக் கணக்கை அந்தப் பையன் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். தெரிந்தும் அவன் போயிருப்பான் என்றே நினைக்கிறேன். ஆனால் தெரிந்து போயிருப்பான்.

எங்களுக்குப் பென்ஷன் என்றால் என்னவென்று தெரியாதா? 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்த ஆசிரியர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானபோது எங்கள் சங்கங்கள் எத்தனை போராட்டம் நடத்தின! 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவின் வேலைநிறுத்தத்தில் நானும் ரோட்டில் உட்கார்ந்தேன். அது நியாயமான போராட்டம், இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2015இல் டெல்லி ஜந்தர் மந்தரில் ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேட்டு வயதான சிப்பாய்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது, அந்த ஆகஸ்ட் 14 அன்று பதக்கம் குத்திய சட்டையோடு அவர்களைப் போலீஸ் பிடித்துத் தள்ளியபோது, எங்கள் எந்தக் கூட்டத்திலும் ஒரு தீர்மானம் போடவில்லை. நாங்கள் படிக்கவைத்து அனுப்பிய பிள்ளைகளின் பென்ஷன் அடியோடு போனபோதும் போடவில்லை. அது எங்கள் கோரிக்கைப் பட்டியலில் இல்லாத விஷயம் என்று நினைத்தோம்.

பயிற்சியிலேயே செத்துப்போகிறவர்களும் உண்டு. 2024 அக்டோபரில் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பீரங்கிப் பயிற்சியின்போது குண்டு வெடித்து இரண்டு அக்னிவீரர்கள் இறந்தார்கள். இருபதை ஒட்டிய வயதுப் பிள்ளைகள். அதிகாரிப் பயிற்சியில் அடிபட்டு ஊனமாகி வெளியே வந்த கேடட்டுகள், முன்னாள் படைவீரர் என்ற தகுதிகூட இல்லாமல், கொஞ்சம் உதவித்தொகையை வைத்துக்கொண்டு மருத்துவச் செலவுக்குத் திண்டாடுவதை 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. நீதிமன்றம் எடுக்கும்வரை ஊரார் யாருக்கும் அது உறைக்கவில்லை. ஊனமாகி வந்தவன் நம் தெருவில்தானே இருக்கிறான்?

வருடா வருடம் டிசம்பர் 7 கொடிநாள். 1949இலிருந்து நடக்கிறது. பள்ளிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு வரும். பிள்ளைகளிடம் பத்துப் பத்து ரூபாயாக வாங்கி, குறைவதை ஆசிரியர்கள் போட்டு அடைத்துவிடுவோம். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்று பட்டை கொண்ட அந்தச் சின்னக் கொடியைச் சட்டையில் ஒட்டிக்கொண்ட பிள்ளை, இது யாருக்கு சார் என்று கேட்டால், "மிலிட்டரிக்கு, போய் உட்காரு" என்போம். மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் அப்பா அப்போது லடாக்கில் இருந்தார்.

இறந்தவர்களுக்கு நாங்கள் அழுதோம், அதில் பொய்யில்லை. 2020 ஜூனில் கல்வான் மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. எங்கள் ஊரிலும் இரண்டு நாள் வீரவணக்கம் பிளெக்ஸ் நின்றது. 2024 தீபாவளிக்கு 'அமரன்' படம் வந்தபோது, மேஜர் முகுந்த் வரதராஜனின் முடிவைப் பார்த்துத் தியேட்டரில் தேம்பாதவர் குறைவு. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வந்தேன். வீட்டு கேட்டைத் திறந்துவிட்ட காவலாளியிடம் மோட்டார் போட்டாச்சா என்று கேட்டுவிட்டு மேலே ஏறினேன்.

அந்தக் காவலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் 24 வீடு. அவர் வந்து நாலு வருடம். பன்னிரண்டு மணி நேரம் வேலை, மாதம் 11,500 ரூபாய். தண்ணீர் கேன் மாடிக்கு ஏற்றுவார், செருப்பு தைக்கக் கொடுத்தால் வாங்கிவருவார். எங்களுக்கு அவர் வாட்ச்மேன். 2025 சுதந்திர தினத்தன்று கொடியேற்ற ஒரு பெரிய மனிதரை அழைத்திருந்தோம். முதல்நாள் இரவே பூவை உள்ளே வைத்துக் கொடியை மடித்துக் கயிற்றில் முடிச்சிட்டது அவர்தான். பெரிய மனிதர் ஒரே இழுப்பு இழுத்தார், கொடி விரிந்து பூ கொட்டியது. எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தோம். ஜன கண மன தொடங்கியபோது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால், மோட்டார் ரூம் ஓரம், குதிகால் இரண்டும் சேர்ந்து, கட்டைவிரல் பேண்ட் தையலோடு ஒட்டி, ஆடாமல் அசையாமல் நின்றார். பாட்டு முடிந்து நாங்கள் லட்டுக்கு நகர்ந்த பிறகும் ஒரு கணம் அப்படியே இருந்தார்.

போய்க் கேட்டேன். "பட்டாளத்துல இருந்தீங்களா?"

மறுபடி குதிகாலைச் சேர்த்தார். முதலில் நம்பரைச் சொன்னார், பிறகு ஹவில்தார் என்று பதவி, பிறகு பெயர். அந்தப் பெயரை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். பதினேழு வருட சர்வீஸ். கார்கில் சமயத்தில் திராஸ் பக்கம் இருந்திருக்கிறார். "நீங்க சொல்லவே இல்லையே" என்றேன். "யாரும் கேக்கல சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. லட்டு தட்டு கைக்கு வரவும், முதலில் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று நகர்த்தினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் இந்த விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். ஜனவரி 26க்குக் கொடியை அவர் கையால் ஏற்றவைப்பது என்று முடிவானது. பொன்னாடை போர்த்துவது என்றும் ஒருவர் சொன்னார். சம்பளத்தை உயர்த்துவது, எட்டு மணி நேரமாக்கி இன்னொரு ஆள் போடுவது பற்றிப் பேச்சு வந்தபோது, மெயின்டனன்ஸ் கூடும், அதை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.